கடையில் பயன்படுத்த இலவச மென்பொருள்: வின்ரார், கிளீனர், பிடிஎஃப், டிஸ்க் குளோன்

அல்சூர் டிடிபி:
பெங்களூரு அல்சூரில் ஜெராக்ஸ், டிடிபி கடை. 3 கம்ப்யூட்டர், மூன்றும் விண்டோஸ் 11. வின்ரார் (ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள்) 40 நாள் சோதனைக் காலம் எப்போதோ முடிந்து, திறக்கும்போதெல்லாம் பணம் கேட்கிறது. பிசி கிளீனர், பிடிஎஃப் எடிட்டர் சந்தா இந்த மாதக் கடைசியில் முடிகிறது. கிராக் (திருட்டுப் பதிப்பு) வேண்டாம். கடையில் வைத்தாலும் லைசன்ஸ் சிக்கல் வராத மாற்று சொல்லுங்கள். இன்னொன்று, ஒரு மெஷினில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் (டேட்டா 140 ஜிபிதான்) எடுத்துவிட்டு, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 512 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட வேண்டும். விண்டோஸை மறுபடி போடாமல் முடியுமா?

கே.ஆர்.புரம் வாசி:
லைசன்ஸ் பற்றிக் கேட்டது நல்லது சார். "ஃப்ரீ" என்று போட்டிருப்பதில் பாதி வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான். சிகிளீனர் இலவசப் பதிப்பு அப்படி. டிஸ்கில் எது இடத்தை அடைக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீயும் அப்படித்தான், கடைக்கு லைசன்ஸ் வாங்கணும். வேறு கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் டீம்வியூவரை இலவசமாகக் கடையில் ஓட்டினால், வணிக உபயோகம் என்று சந்தேகப்பட்டு இணைப்பைத் துண்டிக்கும்.

வின்ராருக்குப் பதில் செவன்-ஜிப். கடைக்கும் இலவசம். ரார் ஃபைலைப் பிரிக்கும், ஆனால் ராராகச் சுருக்காது. செவன்-இஸட் அல்லது ஜிப்தான். தானாக அப்டேட் ஆகாது என்பதுதான் இதன் குறை. 24.09-க்கு முந்தைய பதிப்பில், நெட்டிலிருந்து வந்த ஃபைல் என்ற விண்டோஸின் எச்சரிக்கை அடையாளம் பிரித்தெடுக்கும்போது தொலைந்துபோகும் ஓட்டை இருந்தது. பழையது இருந்தால் மாற்றிவிடுங்கள். கூகுளில் மேலே வரும் விளம்பர லிங்கை நம்பாமல், செவன்-ஜிப் டாட் ஆர்க் தளத்திலிருந்தே எடுங்கள்.

கிளீனர் தேவையே இல்லை. ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) கிளீனர்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. செட்டிங்ஸ் > சிஸ்டம் > ஸ்டோரேஜ் > ஸ்டோரேஜ் சென்ஸ் (வேண்டாத ஃபைல்களைத் தானாக அழிக்கும் வசதி) போதும். அதில் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு "நெவர்" என்று இருக்கும். வாட்ஸ்அப் வெப்பில் இறக்கும் ஆதார், மார்க் ஷீட் எல்லாம் அங்கேதான் குவியும். 1 நாள் என்று மாற்றுங்கள். உங்கள் சொந்த ஃபைல்களை முதலில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டுச் செய்யுங்கள். எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்க வின்டிர்ஸ்டாட், முழு இலவசம்.

தட்டச்சு:
பிடிஎஃப் வேலைக்கு பிடிஎஃப்24 கிரியேட்டர். நிறுவனங்களுக்கும் இலவசம். ஆனா டெஸ்க்டாப் பதிப்பை இன்ஸ்டால் பண்ணுங்க. அவங்க வெப்சைட்ல இருக்குற டூல்ல போட்டா ஃபைல் அவங்க சர்வருக்குப் போகும். வாடிக்கையாளர் ஆதாரை வெச்சு அதைச் செய்யாதீங்க. சேர்க்க, பிரிக்க மட்டும்னா பிடிஎஃப்சாம் பேசிக் போதும். அதோட இன்ஸ்டாலர் கட்டணப் பதிப்பையும் நீட்டும், டிக்கை எடுத்துடுங்க.

டிடிபி கடைன்னா நாப்ஸ்2 கட்டாயம் வெச்சுக்கணும். ஸ்கேனரோட நேரா பேசும், உள்ளேயே டெசராக்ட் ஓசிஆர் (படத்துல இருக்குற எழுத்தைப் படிக்கிற வசதி) இருக்கு, மொழிப் பட்டியல்ல தமிழைத் தனியா இறக்கிக்கலாம். பாமினி, வானவில்ங்கிற யூனிகோடு இல்லாத ஃபான்ட்ல அடிச்ச பழைய பிடிஎஃப்ல காப்பி பண்ணா கன்னாபின்னான்னு வருமே, அதுக்கு இதுதான் மருந்து: பிடிஎஃப்24-ல பக்கங்களைப் படமா மாத்தி, நாப்ஸ்2-ல இம்போர்ட் பண்ணி, ஓசிஆர் போட்டு சேமிச்சா யூனிகோடு கிடைக்கும். படத்தோட துல்லியம் 300 டிபிஐக்குக் கீழே போகாதீங்க. அப்பவும் 'ர'வும் காலும் (ா) குழம்பும், ஒருமுறை கண்ணால படிச்சே ஆகணும்.

அல்சூர் டிடிபி:
நன்றி. டிஸ்க் விஷயம்? மேக்ரியம் என்ற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருளின் இலவசப் பதிப்பு என்று யாரோ சொன்னார்கள்.

கே.ஆர்.புரம் வாசி:
மேக்ரியம் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரி 1-லேயே நின்றுவிட்டது. ரெஸ்க்யூஸில்லா என்ற இலவச மென்பொருள் நல்லதுதான், ஆனால் பெரிய டிஸ்கிலிருந்து சின்னதுக்குப் போகாது. உங்களுக்கு எளிய வழி எஸ்எஸ்டி கம்பெனியே தரும் குளோன் (விண்டோஸோடு டிஸ்கை அப்படியே நகலெடுக்கும்) மென்பொருள். சாம்சங் சொந்தமாகத் தருகிறது. குருஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல், கிங்ஸ்டன் மூன்றும் ஆக்ரோனிஸ் என்ற குளோன் மென்பொருளைத் தருகின்றன. அந்தக் கம்பெனி டிஸ்க் மாட்டியிருந்தால்தான் ஓடும்.

முதலில் முக்கிய ஃபைல்களை வேறு டிஸ்கில் நகல் எடுங்கள். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரெகவரி கீயை எழுதிவைத்து, ஆஃப் செய்து, டிகிரிப்ட் முடியும்வரை காத்திருங்கள். எஸ்எஸ்டியை யூஎஸ்பி–சாட்டா கேபிளில் மாட்டி குளோன் செய்யுங்கள். யூபிஎஸ்ஸில் ஓட்டுங்கள், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முடிந்ததும் ஷட் டவுன் செய்து, பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல் பூட். இரண்டும் மாட்டியிருந்தால் ஒரே அடையாள எண்ணில் இரண்டு டிஸ்க் என்று விண்டோஸ் குழம்பும்.

ரெஸ்க்யூஸில்லாவை மாதாந்திர பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ரூஃபஸ் என்ற மென்பொருள் வழியாக பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து, வெளி டிஸ்கில் இமேஜ் (முழு டிஸ்கின் நகல் ஃபைல்) எடுங்கள். அதற்கு முன் ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் செய்யணும். சாதாரண ஷட் டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் அரைத் தூக்கத்தில் கிடக்கும், பார்ட்டிஷனைப் படிக்கும்போது எரர் வரும்.

தட்டச்சு:
பழைய 1 டிபி டிஸ்கை ஒரு வாரமாவது அழிக்காம வெச்சிருங்க. டிடிபி ஃபான்ட், பிரிண்டர் டிரைவர் எல்லாம் சரியா வந்திருக்கான்னு அதுக்குள்ள தெரிஞ்சிடும்.