புதுப்பிப்பு: ஆட்டு இதயத்தை அறுக்கும் வகுப்பு, இந்த முறை வால்வுகள் தப்பின

போன முறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இடது வலது தெரியாமல் வெட்டி, ரத்தம் பின்னால் திரும்பாமல் தடுக்கும் வால்வுகளைக் கிழித்துவிட்டார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி நடத்தினோம்.

கைகொடுத்தது "கத்தியை எடுக்கும் முன் விரலால் தேடு" என்ற யோசனைதான். இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தால் இடது வெண்ட்ரிக்கிள் (கீழறை) கெட்டியாக இருக்கும். உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுவதால் அதன் சுவர் தடிமன். வலது பக்கம் தொளதொளவென்று இருக்கும். அப்புறம் பெருந்தமனிக்குள் (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) விரலை விட்டால் நேராக அந்தக் கெட்டிப் பக்கத்துக்குள் இறங்குகிறது. இதைச் செய்த எந்தக் குழுவும் குழம்பவில்லை. வெட்டியதும் முனை மழுங்கிய கத்தரிக்கோலால்தான்.

வால்வு மூடுவதைப் பார்க்கப் பெருந்தமனி வழியாகத் தண்ணீர் ஊற்றும் யோசனை முதலில் சொதப்பியது. உள்ளே ரத்தக்கட்டி அடைத்திருந்தது. கழுவிவிட்டு ஊற்றியதும் வால்வு மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்கியது. வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். இதயத்தை வாங்கும்போது குழாய்களை ஒட்ட நறுக்காமல் தரச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்ததில் ஒன்று அப்படி வீணானது.

எதிர்பாராதது: பெருந்தமனி வால்வுக்குச் சற்று மேலே இரண்டு சிறு ஓட்டைகளை ஒரு மாணவி கண்டுபிடித்து, "கிழிச்சிட்டோமா மிஸ்?" என்று பதறினாள். கிழிசல் இல்லை, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளின் வாய்கள். என் பாடத்திட்டத்தில் அது இல்லவே இல்லை. மீதி நேரம் அதிலேயே போனது.