கறுப்பு முதுகு ஆலா தண்ணீரில் உட்காருமா?

எண்ணூர்க் கழிமுகம்:
திருவொற்றியூர்த் திசைகாட்டி நேற்று இங்கே எழுதிய பயணக் குறிப்பை மூன்று முறை படித்தேன். இலட்சத்தீவில் கவரத்திக்கு வடமேற்கே சுமார் 24 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிட்டித் தீவைப் படகில் சுற்றி வந்து ஒரு பகல் முழுவதும் கடற்பறவைகளைப் பார்த்திருக்கிறார். அதில் எனக்குப் பொறாமைதான், குறையொன்றும் இல்லை. ஆனால், ‘சூட்டி டெர்ன் என்னும் கறுப்பு முதுகு ஆலாக்கள் பத்துப் பன்னிரண்டு அலைமேல் உட்கார்ந்து இளைப்பாறின’ என்று எழுதியிருக்கிறாரே, அதை எப்படி விழுங்குவது? அந்த ஆலாவின் இறகு தண்ணீரில் ஊறிவிடும் என்பதால்தான் அது கடலில் இறங்குவதே இல்லை. பறக்கக் கற்ற குஞ்சு தீவை விட்டுக் கிளம்பினால், ஆண்டுக்கணக்கில் வானத்திலேயே திரிந்துவிட்டு முட்டையிடும் பருவத்தில்தான் தரைக்கு வருகிறது. உட்கார்ந்ததாம், இளைப்பாறியதாம்!

திருவொற்றியூர்த் திசைகாட்டி:
நான் கொச்சியிலிருந்து கப்பலேறி, அனுமதிச் சீட்டுக்கு அலைந்து, வாந்தியெடுத்துக்கொண்டே போய்ப் பார்த்ததை, எண்ணூர் மாடியில் உட்கார்ந்திருப்பவர் இல்லை என்கிறார். பிட்டி ஓர் எக்டேருக்குச் சற்றே கூடுதலான மணல் திட்டு. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. தீவு கண்ணில் படுவதற்கு முன்பே இரைச்சல் காதில் விழுந்தது. சூரை மீன்கள் கீழிருந்து துரத்தியதால் பொடிமீன்கள் மேலே தெறிக்க, ஓர் ஆலா சிறகைக்கூட நனைக்காமல் அலகால் மட்டும் ஒன்றைக் கொத்திக்கொண்டு எழுந்ததை என் படகிலிருந்து ஏழெட்டு அடி தூரத்தில் கண்டேன். இவ்வளவும் பார்த்த கண்ணுக்கு, உட்கார்ந்திருந்தது மட்டும் தவறாகவா தெரியும்?

காசிமேட்டு விசைப்படகு:
என் தகப்பனார் நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். நானும் அவரோடு போயிருக்கிறேன். ஆலா மிதக்கும் கட்டையில் உட்காரும், தெர்மகோல் துண்டில் உட்காரும், ஆமை முதுகில்கூட உட்காரும். ஆகவே திசைகாட்டி சொல்வது சரி.

எண்ணூர்க் கழிமுகம்:
கட்டையும் ஆமையும் தண்ணீரா, அண்ணே? நான் கேட்பது தண்ணீர்மேல் உட்காருமா என்பது. மேலும், குளிர்காலத்தில் துறைமுகத்தில் மீன் கழிவைச் சுற்றி மிதப்பவை கடற்காகங்கள். அவற்றை ஆலாக் கணக்கில் சேர்த்துக்கொண்டு சாட்சி சொல்ல வரக்கூடாது.

காசிமேட்டு விசைப்படகு:
கடற்காகத்துக்கும் ஆலாவுக்கும் வேறுபாடு தெரியாதவன் என்று என்னையா சொல்கிறீர்? பறவைக் கூட்டத்தைப் பார்த்துத்தான் சூரை எங்கே ஓடுகிறது என்று நாங்கள் கண்டுபிடிக்கிறோம்; தொலைநோக்கி வாங்கிய பிறகு கடலைக் கண்டுபிடித்தவர்கள் எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம். 2023 திசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படிந்தபோது, கூழைக்கடாக்களைப் பார்க்க யாருடைய படகில் ஏறினீர் என்பதும், அந்த டீசல் பணம் இன்னும் வரவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

எண்ணூர்க் கழிமுகம்:
டீசலுக்கும் ஆலாவுக்கும் என்ன தொடர்பு? நல்ல வேளையாக நீங்களே அந்த நாளை நினைவுபடுத்தினீர்கள். இறகு கெட்டுப்போன பறவை என்ன பாடு படும் என்பதை அன்று பார்த்தோமே! எண்ணெய் அப்பிய கூழைக்கடா ஒன்று இறகைக் கோதிக் கோதிப் பார்த்து, முடியாமல் அலகைத் தொங்கப்போட்டுக்கொண்டு சேற்றில் நின்றதை மறந்துவிட்டீர்களா? நீரைத் தள்ளும் இறகு இருந்தால்தான் பறவை மிதக்கும். கறுப்பு முதுகு ஆலாவுக்கு அது போதாது. ஆகவே உட்காராது.

இராயபுரத்து மொட்டைமாடி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பிட்டியில் பிரவுன் நாடி என்னும் பழுப்பு நிறப் பறவையும் முட்டையிடுகிறது. அது தண்ணீரில் உட்காரக்கூடியது. திசைகாட்டி ஐயா பார்த்தது அதுவாக இருக்கலாமே? அதன் உச்சந்தலை வெளிறியிருக்கும், வயிறும் பழுப்பாகவே இருக்கும். ஆலாவுக்கோ நெற்றியும் வயிறும் வெள்ளை, வால் ஆழமாகப் பிளந்திருக்கும்.

திருவொற்றியூர்த் திசைகாட்டி:
நெற்றி வெள்ளையாகத்தான் இருந்தது. வயிறு தண்ணீருக்குள் இருந்ததால் தெரியவில்லை.

எண்ணூர்க் கழிமுகம்:
வயிறு தெரியவில்லை, வாலைப் பற்றிப் பேச்சே இல்லை, நெற்றி மட்டும் தெரிந்ததாம்! நாடியின் வெளிறிய உச்சந்தலை எதிர்வெயிலில் வெள்ளை நெற்றியாகத் தெரியாதா? நிழற்படம் இருந்தால் போடுங்கள்.

திருவொற்றியூர்த் திசைகாட்டி:
ஒரு படம் இருக்கிறது. லென்சில் உப்புத் தண்ணீர் தெறித்திருந்ததால் பத்துப் பன்னிரண்டு கறுப்புப் புள்ளிகள்தான் தெரிகின்றன. ஆனால் அவை உட்கார்ந்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை.

இராயபுரத்து மொட்டைமாடி:
அப்படியானால் நாடி என்றே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

திருவொற்றியூர்த் திசைகாட்டி:
வைத்துக்கொள்ள முடியாது. போனவன் நான்.

எண்ணூர்க் கழிமுகம்:
புள்ளிகளுக்கு நெற்றி உண்டா என்று கேட்டு மேலும் மூன்று பத்தி எழுத என்னால் முடியும். எழுதவும் போகிறேன், இரவு உணவுக்குப் பிறகு. அதற்குள் கறுப்பு முதுகு ஆலா தண்ணீரில் உட்காராது என்பதை மறுபடியும் பதிவு செய்துவிடுகிறேன்.

காசிமேட்டு விசைப்படகு:
விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்துக்கு வாருங்கள், கடலிலேயே காட்டுகிறேன். வரும்போது பழைய டீசல் பணத்தை எடுத்து வாருங்கள்.

எண்ணூர்க் கழிமுகம்:
புயல் அடித்து ஒதுக்கினால் ஒழிய அந்த ஆலா நம் கரைப்பக்கம் வராது, அண்ணே. அங்கே எதைக் காட்டப் போகிறீர்கள், கடற்காகத்தையா?