பேர்ண் அரங்கில் பியா சுண்ட்ஹாகேயைப் பார்த்த மாலை

2025 யூலை 18ஆம் திகதி, ஐரோப்பிய மகளிர் உதைபந்தாட்டக் கிண்ணக் காலிறுதியில், சுவீடனைச் சேர்ந்த பியா சுண்ட்ஹாகே பயிற்றுவித்த சுவிஸ் அணி ஸ்பெயினை எதிர்கொண்டபோது, மகளுடன் பேர்ண் வாங்க்டோர்ஃப் அரங்கில் இருந்தேன். சுவிஸ் மகளிர் அணி இப்போட்டியில் காலிறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அதற்கு முன் ஜெனீவாவில் பின்லாந்துடன், 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் கோல் அடித்துத்தான் தப்பியிருந்தார்கள்.

உள்ளூர்க் கழகமொன்றில் விளையாடும் என் மகளுக்கு வீராங்கனைகள் எல்லோரையும் தெரியும். பயிற்றுவிப்பாளரைத்தான் "யார் அந்த வெள்ளை முடி ஆச்சி?" என்று கேட்டாள். 1960இல் பிறந்த பியா, சிறுமியாக இருந்தபோது பெண்களுக்கு அணி இல்லாததால் "பெல்லே" என்ற ஆண் பெயரில் பையன்களோடு விளையாடியவர் என்றதும், "அப்போ பிடிபடவில்லையா?" என்பதே அவளுடைய அடுத்த கேள்வி.

சுவீடனுக்காக 146 ஆட்டங்களில் 71 கோல்கள் அடித்தவர் அவர். 1984இல் நடந்த முதலாவது ஐரோப்பிய மகளிர் போட்டியின் இறுதியாட்டம் மழையில் சேறாகிக் கிடந்த லூட்டன் மைதானத்தில் பெனால்ட்டிக்குப் போனபோது, வெற்றி உதையை அடித்தவரும் அவரே. பாதிக்கு 35 நிமிடங்கள், சிறுவர்களுக்கான நான்காம் இலக்கப் பந்து, சில ஆயிரம் பார்வையாளர்கள் என்று நடந்த ஆட்டம் அது. நான் இருந்த அரங்கிலோ ஏறத்தாழ முப்பதாயிரம் பேர்.

பயிற்றுவிப்பாளராக அமெரிக்காவுக்கு 2008இலும் 2012இலும் ஒலிம்பிக் தங்கம் பெற்றுக் கொடுத்தவர், 2016இல் தன் சொந்த நாட்டு அணியைக் கொண்டு அதே அமெரிக்காவைக் காலிறுதியில் வெளியேற்றினார். பின்வாங்கி நின்று தடுத்தாடுகிறார்கள் என்று அப்போது எழுந்த குறை நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை, ஏனெனில் வலிமை குறைந்த அணிக்கு அதுவும் ஒரு விளையாட்டு முறைதான். பேர்ணிலும் ஸ்பெயினை அறுபது நிமிடங்களுக்கு மேல் கோலின்றித் தடுத்து வைத்திருந்தார்கள். பிறகு ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல்கள் விழுந்தன.

ஆட்டம் முடிந்ததும் ஸ்பெயின் வீராங்கனைகள் இரு வரிசையாக நின்று கைதட்டி சுவிஸ் அணியை வழியனுப்பினார்கள். மகள் கதிரையில் ஏறி நின்று கைதட்டினாள்.

பியாவின் ஒப்பந்தம் அந்த ஆண்டு முடிவுக்குப் பிறகு நீடிக்கப்படவில்லை. இளம் வீராங்கனைகள் நிறைந்த அணியைக் காலிறுதி வரை கொண்டுவந்தவருக்கு அடுத்த உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றையாவது கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.