“நீ யார், உனக்கு என்ன வேண்டும்?” – பேயோட்டும் வாசல்களில் நாங்கள் கண்டவை

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர்:

பேயாட்டத்தையும் சூனியத்தையும் நேரில் கண்டவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். அக்காவிடம் அனுமதி கேட்டேன். “என் பெயர் வேண்டாம், மற்றதெல்லாம் எழுது” என்றார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் போரால் வீடுகளை விட்டு வெளியேறியபோது, நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்குப் போகும் வீதியில் நாங்களும் நடந்தோம். அப்பா, அம்மா, அப்பாவின் அம்மாவான அப்பாச்சி, 18 வயது அக்கா, 12 வயதில் நான். மழை பெய்தது. குடையைக் கவிழ்த்துப் பிடித்து, அதில் சேர்ந்த நீரை ஆட்கள் குடித்ததை என் கண்ணால் கண்டேன். அப்பாச்சி வழியிலேயே இறந்துபோனார். அவரை வீதியோரப் பனைவடலிக்குள் அவசர அவசரமாக அடக்கம் செய்துவிட்டு நடந்தோம். இறந்தவருக்குச் செய்யும் எட்டுச் செலவும் இல்லை, கீரிமலையில் அந்தியேட்டியும் இல்லை.

அடுத்த ஆண்டு அப்பா வவுனியாவில் தங்கிவிட, நாங்கள் மூவரும் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியேறினோம். ஆடி மாதத்தில் ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரம், பாயில் இருந்த அக்கா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கிழவியின் கரகரத்த குரலில் “தண்ணி தா மோனை” என்றார். அம்மா செம்பை நீட்டினார். அக்கா அதை வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை. மெல்ல மெல்லத் தரையில் ஊற்றி முடித்துவிட்டுச் சாய்ந்து விழுந்தார். மறுநாள் காலையில் அவருக்கு எதுவும் நினைவில் இருக்கவில்லை. பிறகு வாரத்தில் மூன்று நான்கு மாலைகள் அப்படியே கழிந்தன. எங்கள் வீட்டில் “மோனை” என்று கூப்பிட்டவர் அப்பாச்சி ஒருவர்தான். அம்மாவுக்கு அது முதல் நாளே விளங்கியிருந்தது. ஆனால் அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

முதலில் முகத்துவாரம் பக்கத்தில் ஒரு பூசாரியிடம் போனோம். அவர் அக்காவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, “நீ யார்? எந்த ஊர்? உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். “தண்ணி” என்று பதில் வந்தது. கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தி பிடித்திருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டினார், அம்மாவும் தலையாட்டினார். வேப்பங்குழையால் தொடங்கியது பிரம்புக்கு மாறியது. மிளகாய்ப் புகை போட்டார்கள். மூன்றாம் முறை போனபோது அக்காவின் உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, “இறங்கிப் போகிறேன் என்று சத்தியம் செய்” என்றார்கள். அந்தத் தழும்பு பழைய இருபத்தைந்து சதக் குற்றியின் அளவில் வலக்கையின் நடுவில் இன்றும் வழுவழுப்பாக இருக்கிறது. அவர் சோறு பிசையும்போது நான் அதைப் பார்க்காமல் இருக்க இன்னும் முயல்கிறேன்.

கையில் கட்டுப் போட்டிருந்ததைக் கண்டு அழுதவர் வீட்டுக்காரச் சிங்கள அம்மா. அவர் தம் செலவில் ஹங்வெல்லைப் பக்கத்தில் எதுரா எனப்படும் சிங்களப் பேயோட்டி ஒருவரிடம் எங்களை அழைத்துச் சென்றார். அந்தப் பெரியவர் அக்காவைத் தொடவே இல்லை. தேசிக்காய்களைத் தலை முதல் பாதம் வரை ஒவ்வொன்றாகக் காட்டி, மந்திரத்தை முணுமுணுத்தபடி பாக்குவெட்டியால் வெட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டார். அவரும் கேட்டார், யார் என்றும் என்ன வேண்டும் என்றும். பிறகு, இது யக்கா என்னும் பேய் அல்ல, பெரேதயா, தாகம் தீராமல் செத்த உயிர் என்றார். ஊசிக்கண் அளவு தொண்டையும் தீராத தாகமும் உடையவை பிரேதங்கள் என்று பௌத்தர்கள் நம்புவதை வீட்டுக்கார அம்மா வழியில் பஸ்ஸில் விளக்கினார். நோய் தரும் பதினெட்டுச் சன்னி யக்காக்களும் முகமூடியுடன் வந்து ஆடும் தொவில் சடங்கை இரவு முழுவதும் நடத்தினால் நல்லது என்று சிலர் சொன்னார்கள். அதற்கு எங்களிடம் பணம் இல்லை.

பின்னர் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போனோம். கண்ணாடிப் பேழையைத் தொட்டு நின்ற வரிசையில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறு பூசியவர்கள். அங்கே அக்கா அமைதியாக இருப்பார். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதுவே.

கடைசியாக, நகரமண்டபத்துக்கு அருகில் உள்ள தெவட்டகஹப் பள்ளிவாசலில் இறைநேசரின் அடக்கத்தலமான ஸியாரத்துக்குப் போனோம். எண்ணெய் விளக்கு ஏற்றிவிட்டு ஓரமாக அமர்ந்திருந்தபோது அக்காவின் தலை தொங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த வயதான முஸ்லிம் பெண்மணி ஒருவர் விபரம் கேட்டார். அம்மா தணிந்த குரலில் சொன்னார். அந்தப் பெண்மணி அக்காவின் தாடையை நிமிர்த்திப் பிடித்து, “மகள், நீ யாருக்குத் தண்ணி கொடுக்காம விட்டாய்?” என்று கேட்டார்.

அதுவரை எல்லோரும் அக்காவுக்குள் இருப்பதாக நம்பிய ஒன்றிடம்தான் கேள்வி கேட்டார்கள். அக்காவிடம் கேட்ட முதல் ஆள் அவர். அக்கா தன் சொந்தக் குரலில் அழத் தொடங்கினார். மிகுதியைப் பிறகு எழுதுகிறேன். எழுதிக்கொண்டே போக இன்று முடியவில்லை.

மருதானையிலிருந்து ஒருவர்:

சகோதரி எழுதியதை என் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. ஆனால் அதில் அடி வாங்கியவர் நோயாளி அல்லர்.

என் சாச்சிக்கு இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்து வயிற்றிலேயே தங்காமல் போயின. எங்கள் மஹல்லாவின் மௌலவி ஆயத்துல் குர்சியும், ஃபலக், நாஸ் என்னும் இரு சூராக்களும் ஓதித் தண்ணீரில் ஊதிக் கொடுத்தார், பணம் வாங்கவில்லை, வைத்தியரிடம் காட்டுவதை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். அத்துடன் விட்டிருக்கலாம். உறவினர் ஒருவர் மை போட்டுப் பார்க்கும் ஆளிடம் சாச்சியை அழைத்துப் போனார். அந்த ஆள் வெற்றிலையில் மையைத் தடவிப் பார்த்துவிட்டு, “வலப்பக்கத்து வீட்டுக்காரி, உங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவள், அவள்தான் இஸ்ம் வேலை செய்திருக்கிறாள்” என்றார், அதாவது சூனியம். பிறகு எங்கள் வாசற்படியின் கீழிருந்து ஒரு செப்புத் தகட்டையும் முடிச்சுப் போட்ட நூலையும் தோண்டி எடுத்துக் காட்டினார். முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கிலிருந்து பாதுகாப்புத் தேடும் வசனம் குர்ஆனிலேயே இருப்பதால், முடிச்சைக் கண்ட பிறகு வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த நூல் புத்தம் புதியதாக இருந்தது. பதினான்கு வயதில் நான் அதைக் கவனித்தேன், சொல்லத் துணிவில்லை.

நோன்பு காலத்தில் எங்களுக்குக் கஞ்சி அனுப்பிவந்த அந்தப் பெண்மணி ஒரே மாதத்தில் எங்கள் குடியிருப்புத் தோட்டம் முழுவதற்கும் சூனியக்காரியானார். அவருடைய மகளுக்குப் பேசி முடித்த கலியாணம் நின்றது. பதினொரு ஆண்டுகள் இரு வீடுகளுக்கும் பேச்சில்லை. ஜின் உண்டு என்று நான் நம்புகிறேன். அது எங்கள் மார்க்கத்தில் உள்ளது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காரணம் காட்டி, கண்ணுக்குத் தெரியும் ஒரு மனிதரின் பெயரைச் சொல்பவரை இனி நான் வாசலில் நிற்கவும் விடமாட்டேன். சீனிகமத் தேவாலயத்தில் மிளகாய் அரைத்துச் சாபமிடுவதும், முன்னேஸ்வரத்துக் காளி சந்நிதியில் தேங்காய் உடைத்து நியாயம் கேட்பதும் வேறு. பொலிசும் நீதிமன்றமும் கைவிட்டவர்கள் பலர் அங்கே போகிறார்கள். திருடன் யார் என்று தெரியாதவர்கள் அவனைத் தெய்வத்திடம் விட்டுவிட்டு வருகிறார்கள். மை பார்ப்பவர் அயலவரின் பெயரைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்.

வெள்ளவத்தையிலிருந்து, மட்டக்களப்பைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர்:

“மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் செய்து பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள்” என்ற பேச்சைக் கொழும்பில் நான் கேட்காத ஆண்டு இல்லை. என் கையால் தேநீர் குடிக்கத் தயங்கிய சக ஆசிரியர்களும் இருந்தார்கள். சிரித்துக்கொண்டே தயங்கினாலும் தயக்கம் தயக்கம்தான். மருதானைச் சகோதரர் எழுதிய அந்தப் பெண்மணிக்கு நேர்ந்தது, சிறிய அளவில், என் ஊருக்கே நேர்ந்துகொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பிறர் மேல் வருவதையெல்லாம் நாங்கள் பேய் என்று சொல்வதில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு தொடங்கினால், பறை ஒலிக்க ஒலிக்கத் தெய்வம் ஆடுபவர்கள் உருவேறி வருவார்கள். அவர்களை யாரும் அடிப்பதில்லை. வேப்பிலை கொடுத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாக்குக் கேட்டு, கடைசியில் குளிர்த்தி பாடி அம்மனையும் ஊரையும் ஆறவைத்து அனுப்புவார்கள். சூடானிலும் எத்தியோப்பியாவிலும் “சார்” என்ற ஆவி வழிபாட்டில், பெண்ணின் மேல் வந்த ஆவியைத் துரத்தாமல், அதற்கு வேண்டிய உடையும் வாசனையும் கொடுத்துச் சமாதானப்படுத்தி அதனுடனேயே வாழக் கற்றுக்கொள்கிறார்கள் என்று வாசித்தபோது, அது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

1990களில் எங்கள் ஊர்த் தாய்மார் காணாமல்போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்க வரிசையில் நின்றார்கள். வேறெங்கும் வாய்திறந்து கேட்க முடியாத கேள்வியை அங்கே கேட்டார்கள். என் பெரியம்மாவுக்கு, “உன் மகன் உயிரோடு இருக்கிறான், கடல் தாண்டி இருக்கிறான்” என்று வாக்கு வந்தது. அவர் அதன் பின் சமைத்தார், குளித்தார், ஆட்களுடன் பேசினார். இன்றும் மகனுக்குத் தட்டு வைக்கிறார். அந்த வாக்கு அவரைக் காப்பாற்றியதா, கட்டிப்போட்டதா என்று பல இரவுகள் நான் யோசித்திருக்கிறேன். இரண்டும் உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மட்டக்குளியிலிருந்து ஒருவர்:

கத்தோலிக்கனாக ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். கொச்சிக்கடையில் நடப்பது ஆசீர்வாதமும் வேண்டுதலும். முறையான பேயோட்டுச் சடங்கை ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குருவானவர் மட்டுமே செய்யலாம் என்பது திருச்சபைச் சட்டம் 1172. ஜேர்மனியில் வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்துவந்த அன்னலீசா மிசேல் என்ற மாணவிக்கு அத்தகைய அனுமதியுடனேயே 67 அமர்வுகள் நடத்தினார்கள். 1976 ஜூலை 1ஆம் திகதி, 23 வயதில், உணவில்லாமல் மெலிந்து அவர் இறந்தார். பெற்றோரும் இரு குருக்களும் 1978இல் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். ஆகவே அனுமதி மட்டும் போதாது. நம் பக்கத்திலும் 2021 பெப்ரவரி இறுதியில் தெல்கொடையில், பேயோட்டுவதாகப் பிரம்பால் அடித்ததில் ஒன்பது வயதுச் சிறுமி இறந்தாள். அவளைப் பிடித்து வந்தது தாய். அந்தத் தாயை வில்லியாக நினைக்க என்னால் முடியவில்லை. தன் பிள்ளையை மீட்கவே அவள் வந்தாள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தை யாராவது அவளுக்குச் சொல்லியிருந்தால் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன். கொட்டாஞ்சேனைச் சகோதரி, மிகுதியை எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து மீண்டும்:

அப்பாச்சி தண்ணீர் கேட்டிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் என்னுடன் சனத்துக்குள் முன்னே போய்விட, அக்காதான் அவரை வேலியோரம் இருத்திவிட்டுச் செம்புடன் கிணறு தேடிப் போயிருக்கிறார். கிணற்றடியில் நீண்ட வரிசை. முறை வந்தபோது, கிடைத்த செம்புத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டார். மறுபடி வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு வந்தபோது அப்பாச்சி வேலியில் சாய்ந்தபடி இறந்திருந்தார். கையில் இருந்த தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் காலடியில் மெல்ல ஊற்றினாராம்.

தெவட்டகஹவில் அன்று அக்கா சொன்னது இவ்வளவுதான். அதைச் சொன்னவுடன் எல்லாம் நின்றுவிடவில்லை. அரசாங்க வைத்தியசாலையின் மனநல மருத்துவர் ஒருவரிடம் ஒன்பது மாதம் போனோம். மாத்திரை கொடுத்தார்; அதைவிட அதிகமாக, மலையகத்துத் தாதி ஒருவர் மொழிபெயர்க்க, கேட்டுக்கொண்டிருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலேயே ஆவி ஆட்கொள்ளும் நிலைக்கு ஓர் இடம் உண்டு என்பதையும், சமயச் சடங்கின் பகுதியாக ஒரு சமூகம் ஏற்றுக்கொள்ளும் உருவேற்றத்தை அது நோயாகக் கணக்கிடுவதில்லை என்பதையும் பின்னாளில் அறிந்தேன். வெள்ளவத்தை ஆசிரியைக்கு இது ஆறுதலாக இருக்கலாம். அம்மா தயங்கித் தயங்கி, “செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலாமா டொக்டர்?” என்று கேட்டபோது, அவர், “செய்யுங்கள், ஆனால் மகளே செய்யட்டும்” என்றார்.

1997 ஆடி அமாவாசைக்கு முகத்துவாரம் போனோம். பிரம்பைத் தூக்கிய பூசாரியின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பெண்பிள்ளை செய்வதில்லையே என்று ஐயர் தயங்கினார். அம்மா அவரிடம் தனியே ஏதோ பேசினார். களனி கங்கை கடலில் சேரும் இடத்தில் அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று, எள்ளோடு செம்புத் தண்ணீரை வார்த்தார். ஒரு செம்பு போதும் என்று ஐயர் சொன்னார். அக்கா இரண்டாவது முறையும் மொண்டு வார்த்தார்.

வருடாவருடம் இன்றும் அப்படித்தான், இரண்டு செம்பு.