ஏஇசட்எஃப்சி இழப்பு: மைக்ரோ டெசி (விதையிலிருந்து மைக்ரோஸ்கோப் உதவியோடு விந்தணு தேடி எடுக்கும் ஆபரேஷன்) செய்தவர்கள் இருக்கீங்களா?

வணக்கம். என் கணவருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யம். கேரியோடைப் (குரோமோசோம்களின் எண்ணிக்கை, அமைப்பு பார்க்கும் டெஸ்ட்) 46 எக்ஸ்ஒய், நார்மல் என்றுதான் வந்தது. பிறகு எடுத்த ஒய் குரோமோசோம் மைக்ரோடெலிஷன் டெஸ்ட்டில், அந்தக் குரோமோசோமின் நீண்ட கையில், விந்தணு உருவாகத் தேவையான ஜீன்கள் இருக்கும் ஏஇசட்எஃப் இடத்தின் சி பகுதி (ஏஇசட்எஃப்சி) முழுசாக இல்லை என்று ரிப்போர்ட். இவ்வளவு சின்ன இழப்பு கேரியோடைப்பில் தெரியாதாம்.

ஏஇசட்எஃப்பின் ஏ அல்லது பி பகுதி முழுவதும் போயிருந்தால் விந்தணு கிடைக்க வழியே இல்லை என்று சொல்லிவிடுவார்களாம். சி மட்டும் என்றால் மைக்ரோ டெசியில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது, அப்புறம் இக்சி (ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்தும் முறை) என்கிறார் டாக்டர். மகன் பிறந்தால் இதே இழப்பு அவனுக்கும் போகும். பெண் கருவாகத் தேர்ந்தெடுக்க, பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டம் விடாது, நாங்களும் அதைக் கேட்கவில்லை.

சி மட்டும் போனவர்கள் யாராவது மைக்ரோ டெசி செய்தீங்களா? விந்தணுவை முன்பே எடுத்து உறைய வைத்தார்களா, முட்டை எடுக்கிற அன்றைக்கேவா? செலவு எவ்வளவு ஆனது? மதுரை, திருச்சி பக்கம் நல்ல ஆண்ட்ராலஜிஸ்ட் (ஆண்களின் குழந்தைப்பேறு பிரச்சினை பார்க்கும் டாக்டர்) இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்க.

லேகியம், சூரணம் யோசனைகள் வேண்டாம் ப்ளீஸ். ஜீனே இல்லாத இடத்தில் மருந்து என்ன செய்யும்? இன்னும் என்னைத்தான் குறை சொல்லும் மாமியாருக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்க.