அறிவியல் புனைவு அமர்வு: மேடைப்பேச்சாக மாறாமல் நடத்துவது எப்படி?

கேள்வி:
வணக்கம். அறிவியல் புனைவும், மந்திரமும் கற்பனை உலகங்களும் நிறைந்த மிகைபுனைவும் எழுதுவது குறித்து, நான்கு எழுத்தாளர்களைக் கொண்டு எங்கள் வாசகர் வட்டம் ஒரு மணி நேர அமர்வு நடத்தவிருக்கிறது. சென்ற முறை நால்வரும் தனித்தனியே உரையாற்றியதிலேயே நேரம் முடிந்து, வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கவும் வழியில்லாமல் போயிற்று. இம்முறை என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
1939இல் நியூயார்க்கில் தொடங்கிய உலக அறிவியல் புனைவு மாநாடு, 2020இல் பெருந்தொற்றால் இணையவழியில் நடந்தபோது சில அமர்வுகளைப் பார்த்தேன். நல்ல அமர்வுகளில் நெறியாளர் தம் கருத்தைச் சொல்வதைவிட, ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் கொண்டுசேர்ப்பதிலேயே கவனமாக இருந்தார். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அறிமுகத்தை நீங்களே இரண்டு வரிகளில் முடித்துவிடுங்கள்.

மறுமொழி 2:
தலைப்பைச் சுருக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். ‘மிகைபுனைவு எழுதுவது எப்படி’ என்றால் பொதுப்பேச்சுதான் வரும்; ‘மந்திரத்துக்கு என்ன விலை’ என்றால் விவாதம் பிறக்கும். நான் சென்ற ஓர் அமர்வில், மலையுச்சியில் இருக்கும் கற்பனை நகரத்துக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று ஒரு பள்ளி மாணவி கேட்டாள். எழுத்தாளர் சற்றுத் திகைத்தார்; பிறகு மழைநீர்த் தொட்டி, குடம் சுமப்பவர்களின் கூலி, வறட்சியில் மூளும் சண்டை என்று மேடையிலிருந்த அனைவரும் சேர்ந்து அந்த நகரத்தையே கட்டியெழுப்பினார்கள். அன்றிரவே நான் ஒரு கதையைத் தொடங்கினேன்.

மறுமொழி 3:
கடைசி இருபது நிமிடங்களை வாசகர்களுக்கென்று ஒதுக்கி, அதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.