உண்ணிச்செடியை அகற்றிய இடத்தில் மறுபடியும் முளைக்கிறது, என்ன செய்யலாம்?

வனத்துறை அனுமதியோடு நாங்கள் சிலர் காட்டோரத்தில் உண்ணிச்செடியை (லாண்டானா எனும், காட்டை ஆக்கிரமிக்கும் அயல்நாட்டுப் புதர்) அகற்றி வருகிறோம். போன கோடையில் தரையோடு வெட்டிய இடத்தில், முதல் மழைக்கே தூரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்த்துவிட்டது. பக்கத்திலேயே ஓடை, அதனால் மருந்தடிக்க மனமில்லை. அப்புறம் ஆணிவேரை மண்ணுக்குச் சற்றுக் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டோம். அவை காய்ந்துவிட்டன.

இப்போது தலைவலி நாற்றுகள்தான். கருநீலப் பழங்களைத் தின்ற பறவைகளின் எச்சத்திலிருந்து மரத்தடியெல்லாம் முளைக்கின்றன. நிழலில் மெலிந்து நிற்பவை கையோடு வந்துவிடுகின்றன. வெயில் விழும் திறந்த இடத்தில் பிடுங்கப் பிடுங்க வருகின்றன. நாங்கள் நட்ட நாட்டு மரக்கன்றுகள் இன்னும் முழங்கால் உயரம்தான்.

அவை வளர்ந்து நிழல் தரும்வரை, அந்தத் திறந்த இடத்தில் அந்தக் காட்டுக்கே உரிய புல்லை முதலில் விதைப்பதா, வேகமாக வளரும் நாட்டுப் புதர்ச்செடிகளையா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.